காரில் சார்ஜ் ஏறவில்லையா? வீட்டு வாசலிலேயே பார்த்துச் சரிசெய்ய: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரங்கூனில் நம்மவர்கள் ஓட்டும் வண்டிகளில் பெரும்பாலானவை ஜப்பானில் யாரோ ஓட்டிக் கழித்து, கப்பலேறி வந்தவை. புரோபாக்ஸ், ஃபிட், பழைய மார்க் டூ என்று எதை எடுத்தாலும் வயது பத்தைத் தாண்டியிருக்கும். நான் பட்டறை வைத்திருப்பவன் இல்லை. பல வருடங்களாக என் வண்டியையும் சொந்தக்காரர்கள் வண்டிகளையும் வீட்டு வாசலில் வைத்தே பார்த்துவருகிறேன். கோயிலிலோ கல்யாண வீட்டிலோ யாராவது ஒருவர் என்னை ஓரமாக அழைத்து, “பேட்டரியை மாற்றினேன், மறுபடியும் இறங்கிவிட்டது” என்று சொல்லாத மாதமே கிடையாது. அப்படிக் கேட்டவர்களின் கேள்விகளை அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எல்லா பதில்களிலும் ஒரு பிடிவாதம் இருக்கும்: அளந்து பார்க்காமல் எதையும் வாங்காதீர்கள்.

பேட்டரி போய்விட்டது என்பதும் சார்ஜ் ஏறவில்லை என்பதும் ஒன்றுதானே?

இல்லை. மின்சாரம் வரும் நேரத்தில் மோட்டாரைப் போட்டு மேல் தொட்டியை நிரப்பிக்கொள்கிறோம் அல்லவா, அதை நினைத்துக்கொள்ளுங்கள். காலையில் தொட்டி காலியாக இருந்தால் நான்கு காரணங்கள் இருக்கலாம். தொட்டியே ஒழுகலாம், மோட்டார் ஏற்றாமல் இருக்கலாம், நடுவில் குழாய் அடைத்திருக்கலாம், இரவில் யாரோ குழாயைத் திறந்தே விட்டிருக்கலாம்.

காரில் தொட்டி பேட்டரி. மோட்டார் ஆல்டர்னேட்டர், பட்டறைகளில் பலர் இன்னும் டைனமோ என்றுதான் சொல்வார்கள். குழாய் என்பது கேபிள்களும் கிளாம்புகளும். திறந்து கிடக்கும் குழாய் என்பது வண்டி நின்றிருக்கும்போதும் கரண்ட் தின்னும் ஏதோ ஒரு பொருள். கீழே உள்ள எல்லா பதில்களும் இந்த நான்கில் எது என்று கண்டுபிடிப்பதற்காகத்தான்.

மீட்டர் இல்லாமல் கண்டுபிடிக்க முடியாதா?

ஓரளவு முடியும். இரவில் சுவருக்கு எதிரே வண்டியை நிறுத்தி ஹெட்லைட்டைப் போடுங்கள். ஐடிலில் மங்கலாக இருந்து, ரேஸ் கொடுத்ததும் பளிச்சென்று ஏறினால் சார்ஜ் பலவீனமாக இருக்கிறது. ரேஸ் கொடுத்தும் மாற்றமே இல்லாமல் மங்கலாகவே இருந்தால் சார்ஜே இல்லை என்று சந்தேகிக்கலாம். ஆனாலும் ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் வாங்கிவிடுங்கள். தேவையில்லாமல் வாங்கும் ஒரு பேட்டரியின் விலையில் பல மீட்டர்கள் வாங்கலாம்.

ஓட்டிக்கொண்டிருக்கும்போதே சிவப்பு பேட்டரி விளக்கு எரிந்தது. உடனே நிறுத்த வேண்டுமா?

முதலில் சூட்டு முள்ளையோ சூட்டு விளக்கையோ பாருங்கள். புரோபாக்ஸ் போன்ற பல வண்டிகளில் ஆல்டர்னேட்டரைச் சுற்றும் அதே பெல்ட்தான் தண்ணீர் பம்பையும் சுற்றுகிறது. பெல்ட் அறுந்திருந்தால் சில நிமிடங்களில் என்ஜின் கொதிக்கும். உடனே ஓரம்கட்டி நிறுத்தத்தான் வேண்டும். நம் நாட்டில் 1970 முதல் சாலையின் வலப்பக்கம் ஓட்டுகிறோம், ஜப்பான் வண்டியில் ஸ்டியரிங்கும் வலப்பக்கமே இருக்கிறது. அதனால் ஓரம்கட்டினால் ஓட்டுபவர் பாதுகாப்பான பக்கம் இறங்கலாம். ஆனால் உடன் வந்தவர்களின் கதவு ஓடும் வண்டிகளின் பக்கம் திறக்கும். குழந்தைகளை அந்தப் பக்கம் இறக்காதீர்கள்.

பெல்ட் இருக்கிறது, சூடும் ஏறவில்லை என்றால் ஏசி, ஃபேன், பாட்டு எல்லாவற்றையும் அணைத்துவிட்டு வீட்டுக்கோ பட்டறைக்கோ நேராகப் போங்கள். பகலில், நல்ல பேட்டரியாக இருந்தால் அரை மணி நேரம் தாங்க வாய்ப்புண்டு. வழியில் என்ஜினை அணைக்காதீர்கள். மறுபடி செல்ஃப் எடுக்காமல் போகலாம்.

இன்னொன்று: சாவியை ஆன் நிலைக்குத் திருப்பி, என்ஜினை எழுப்புவதற்கு முன் அந்தச் சிவப்பு விளக்கு கட்டாயம் எரிய வேண்டும், எழுந்ததும் அணைய வேண்டும். ஒரு போதும் எரியாத விளக்கு நல்ல செய்தி இல்லை. பல்பு போயிருக்கலாம், அல்லது ஆல்டர்னேட்டருக்குப் போகும் ஒயர் அறுந்திருக்கலாம்.

மீட்டர் வாங்கிவிட்டேன். எங்கே வைத்து எதைப் படிக்க வேண்டும்?

டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். சிவப்பு முனையை பிளஸ் ஈயக் குமிழியிலும் கறுப்பை மைனஸ் ஈயக் குமிழியிலும் வையுங்கள். குமிழியைக் கவ்வும் கிளாம்பில் வைக்கக் கூடாது, ஈயத்திலேயே வைக்க வேண்டும். காரணம் பின்னால் வரும்.

வண்டி ராத்திரி முழுவதும் ஓய்ந்திருந்து, காலையில் எழுப்புவதற்கு முன் 12.6 காட்டினால் பேட்டரி நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழ் என்றால் ஏறக்குறைய காலி. இப்போது என்ஜினை எழுப்புங்கள். சில வினாடிகளில் 13.8 முதல் 14.5-க்குள் வர வேண்டும். பிறகு ஹெட்லைட், ஏசி, பின்கண்ணாடி ஹீட்டர் எல்லாவற்றையும் போட்டு, சற்றே ரேஸ் கொடுங்கள், 13.5-ஐ ஒட்டி நின்றால் நல்லது. எழுப்பிய பிறகும் 12.4, 12.3 என்று இறங்கிக்கொண்டே போனால் சார்ஜ் ஏறவில்லை. மூன்று எண்களையும் ஒரு தாளில் எழுதிவையுங்கள். இந்தக் கேள்விகளோடு என்னிடம் வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான்.

சட்டைக் கை, துப்பட்டா, செயின் எதுவும் தொங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ரேடியேட்டர் ஃபேன் சொல்லாமல் சுற்றத் தொடங்கும். விரலில் மோதிரம் இருந்தால் கழற்றிவிடுங்கள்: ஸ்பேனருக்கும் பிளஸுக்கும் நடுவே சிக்கிய தங்கம் நொடியில் பழுக்கக் காய்ந்து விரலைச் சுட்டுவிடும்.

மதியம் ஓட்டிவிட்டு வந்து பார்த்தால் 13.6தான் காட்டுகிறது. கெட்டுவிட்டதா?

சித்திரை வெயிலில் நகர நெரிசலில் ஊர்ந்து வந்த வண்டியின் பானட்டுக்குள் இருக்கும் சூட்டில் 13.6 தவறில்லை. சூடு ஏற ஏற, சார்ஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் தானாகவே வோல்ட்டைக் குறைக்கும். சூடான பேட்டரிக்கு அதிக வோல்ட் கொடுத்தால் கொதித்துவிடும். அடுத்த நாள் விடியற்காலையில் மறுபடி அளந்து பாருங்கள்.

பேட்டரி வாங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை, தம்பி. அது எப்படி அதற்குள் போகும்?

பேட்டரி போயிருக்காது. என் பெரியப்பா மகனுக்கு நடந்ததைச் சொல்கிறேன். பீலிக்கான் கோயிலுக்குப் போய்விட்டு ஒரு மழை இரவில் சிரியம் வழியாகத் திரும்பும்போது அவர் வண்டியின் ஹெட்லைட் மஞ்சளாகி, வைப்பர் பாதிக் கண்ணாடியில் நின்றுவிட்டது. அதற்கு முந்தைய ஆறு மாதத்தில் ஒரு கடை அவருக்கு இரண்டு பேட்டரிகளை விற்றிருந்தது. மறுநாள் நான் மீட்டரை வைத்தேன். ஆல்டர்னேட்டரின் பின்பக்கத்தில் 14.3, பேட்டரியில் 12.9. மோட்டார் நன்றாக ஏற்றுகிறது, தொட்டிக்கு வந்து சேரவில்லை. நடுவே 1.4 வோல்ட் எங்கோ தொலைகிறது.

இதைத் தேட ஒரு முறை உண்டு. என்ஜினை ஓடவிட்டு, ஹெட்லைட்டும் ஏசியும் போட்டு, மீட்டரை 2 வோல்ட்டுக்கு மாற்றுங்கள். ஆல்டர்னேட்டரின் பின்னால் ரப்பர் மூடிக்குள் இருக்கும் தடித்த திருகில் ஒரு முனை, பேட்டரியின் பிளஸ் ஈயத்தில் மறு முனை. 0.2, 0.3-க்கு மேல் போகக் கூடாது. அடுத்து ஆல்டர்னேட்டரின் உடலில் ஒரு முனை, மைனஸ் ஈயத்தில் ஒன்று, இங்கே 0.2-க்குள் இருக்க வேண்டும். அவர் வண்டியில் பிளஸ் பக்கம் 0.1. எர்த் பக்கம், அதாவது மைனஸ் பக்கம் 1.3. மைனஸ் கேபிளைக் கையில் எடுத்து வளைத்தேன். கறுப்பு உறை வெடித்து உள்ளிருந்து பச்சைப் பொடி கொட்டியது. நூறு இழை இருக்க வேண்டிய இடத்தில் செம்பு நிறம் தெரிந்தது ஏழெட்டு இழைகளில்தான். வெளியே பார்க்க கேபிள் பளபளவென்று புதிதாக இருந்தது. கேபிளை மட்டும் மாற்றினோம். கழித்துப் போட்ட ‘பழைய’ பேட்டரிகளில் ஒன்றைச் சார்ஜ் செய்து பார்த்தால் அதுவும் நன்றாகவே இருந்தது. அவர் அந்த இரண்டு பேட்டரிக்குக் கொடுத்த பணத்தை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

குமிழியில் வெள்ளையும் நீலமுமாகப் பூத்திருக்கிறது. அதுதான் காரணமா?

பல நேரங்களில் அதுவேதான். மேலே சொன்னபடி ஈயத்தில் ஒரு தடவை, கிளாம்பில் ஒரு தடவை அளந்து பாருங்கள். இரண்டு எண்ணும் வேறுபட்டால் பூப்பு கரண்ட்டைத் தடுக்கிறது.

கழற்றும்போது முதலில் மைனஸ், பிறகு பிளஸ். மாட்டும்போது முதலில் பிளஸ், கடைசியில் மைனஸ். இந்த வரிசையை மறக்காதீர்கள். ஸ்பேனர் தவறி பாடியில் பட்டாலும் பொறி பறக்காது. சமையல் சோடாவை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து ஊற்றினால் நுரைத்துக்கொண்டு கரையும். நுரை அடங்கியதும் நல்ல தண்ணீரால் கழுவி, துடைத்து, உப்புத்தாளால் ஈயம் மின்னும்வரை தேய்த்து, இறுக்கி மாட்டுங்கள். மாட்டிய பிறகு மேலே கொஞ்சம் வாசலின் தடவுங்கள். சோடாத் தண்ணீர் பேட்டரியின் துளை மூடிகளுக்குள் போய்விடக் கூடாது.

பெல்ட் கத்துகிறது. சோப்பு தேய்த்தால் நிற்குமாமே?

நின்றதுபோல இருக்கும், பிறகு இன்னும் மோசமாகும். என்ஜினை அணைத்துவிட்டு, பெல்ட் சுற்றும் இரண்டு உருளைகளுக்கு நடுவே அதைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு அமுங்கினால் சரி. தொளதொளவென்று இருந்தால் இறுக்க வேண்டும். உட்பக்கம் வெடிப்பு, எண்ணெய்க் கறை, கண்ணாடிபோல் பளபளப்பு இருந்தால் மாற்றிவிடுங்கள். அளவுக்கு மீறி இறுக்கினால் பேரிங் போய்விடும்.

திஞ்சான் முடிந்ததிலிருந்துதான் இந்தத் தொந்தரவு. தண்ணீர் பட்டால் ஆல்டர்னேட்டர் கெடுமா?

திஞ்சான் என்ற பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர் விழாவில், ஏப்ரலில் நான்கைந்து நாள் ஊரே குழாய் வைத்து அடிக்கும்போது எந்த வண்டியின் பானட்டுக்குள்ளும் தண்ணீர் போகும். நல்ல தண்ணீர் பட்ட ஆல்டர்னேட்டர் பெரும்பாலும் காய்ந்ததும் பிழைத்துக்கொள்ளும். பெல்ட் நனைந்து வழுக்கும். கொஞ்ச நேரம் ஓடினால் காய்ந்துவிடும். ஆபத்து ஆடி, ஆவணி மழையில் தெருவில் தேங்கும் சாக்கடைத் தண்ணீர்தான். அந்தச் சேறு உள்ளே போய், சுழலும் பகுதிக்குக் கரண்ட் கொடுக்கும் கார்பன் கட்டைகள் உரசும் வளையங்களில் படிந்தால் சில வாரங்கள் கழித்து சார்ஜ் விட்டுவிட்டு வரும்.

திஞ்சான் முடிந்த மறுநாள் ஆல்டர்னேட்டரின் சின்ன கனெக்டரைக் கழற்றி, உள்ளே பச்சை பூத்திருக்கிறதா என்று பார்த்து, காய வைத்து, ‘டக்’ என்று பிடிக்கும்வரை அழுத்தி மாட்டுங்கள். கழற்றும் முன் பேட்டரியின் மைனஸை எடுத்துவிட வேண்டும்.

12.3-ஐத் தாண்டவே இல்லை. அப்படியானால் டைனமோவை மாற்றிவிடலாமா?

இன்னும் இல்லை. பெல்ட், கனெக்டர், சாவி ஆனில் எரியும் சிவப்பு விளக்கு மூன்றையும் பார்த்துவிட்டீர்களா? அடுத்து ஃபியூஸ் பெட்டி. பானட்டுக்குள் ‘ஆல்ட்’ என்ற எழுத்து உள்ள பெரிய ஃபியூஸ், வண்டிக்குள்ளே சார்ஜிங்குக்கான சின்ன ஃபியூஸ் இரண்டையும் மீட்டரால் சோதியுங்கள். பேட்டரியைப் பிளஸ் மைனஸ் மாற்றி மாட்டியவர்களுக்கும், இன்னொரு வண்டியிலிருந்து கரண்ட் வாங்கும் ஜம்ப் கேபிளைத் தலைகீழாகக் கொடுத்தவர்களுக்கும் பெரிய ஃபியூஸ்தான் முதலில் போகும்.

பிறகு ஒரு எளிய சோதனை. சாவி ஆன், என்ஜின் அணைந்த நிலையில் ஆல்டர்னேட்டரின் பேரிங் பக்கம் ஒரு இரும்பு ஸ்பேனரை மெல்லக் கொண்டுபோங்கள். லேசாகவாவது காந்தம் இழுக்க வேண்டும். இழுக்கவே இல்லை என்றால் உள்ளே போகும் கரண்ட் வரவில்லை, அல்லது கார்பன் தேய்ந்துவிட்டது. சுத்தியலின் மரப்பிடியால் தட்டியதும் கொஞ்ச நேரம் சார்ஜ் வருகிறது என்றால் கார்பன் என்றே முடிவு செய்யலாம். டென்சோ கம்பெனியின் பல ஆல்டர்னேட்டர்களில் பின்மூடியைக் கழற்றினால் கார்பன் பெட்டி கைக்கு வந்துவிடும். வெளியே நீட்டியிருப்பது அரை சென்டிமீட்டருக்கும் குறைவாக இருந்தால் மாற்றுங்கள். வளையங்களில் நகம் இடறும் அளவு பள்ளம் விழுந்திருந்தால் கார்பனை மாற்றி மட்டும் பயனில்லை. அதைப் பட்டறையில் கொடுங்கள். அதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை.

என்ஜின் ஓடும்போது பேட்டரி கிளாம்பைக் கழற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று மாமா சொல்கிறாரே?

மாமா ஓட்டிய காலத்து வண்டிக்கு அது ஒத்துவந்திருக்கும். இன்றைய வண்டியில் தயவுசெய்து செய்யாதீர்கள். பேட்டரிதான் வோல்ட்டை அமுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதைத் திடீரென்று எடுத்தால் ஒரு கணத்தில் பல பத்து வோல்ட் எகிறும். ஆல்டர்னேட்டரின் மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கும் டயோடும் என்ஜின் கம்ப்யூட்டரும் ஒன்றாகப் போகலாம். மாமாவிடம் மரியாதையாக மீட்டரைக் காட்டுங்கள்.

15.6 காட்டுகிறது. அதிகம் இருந்தால் நல்லதுதானே?

ஆபத்து. ரெகுலேட்டர் போய்விட்டது, அல்லது பேட்டரி வோல்ட்டைப் பார்த்துச் சொல்லும் ஒயர் அறுந்திருக்கிறது. அழுகிய முட்டை நாற்றம் வந்தாலோ பேட்டரியின் பக்கம் உப்பியிருந்தாலோ உடனே அணைத்துவிட்டு விலகி நில்லுங்கள். அருகில் பீடி, சிகரெட், ஊதுபத்தி எதுவும் கூடாது. சரிசெய்யும்வரை அந்த வண்டியை ஓட்ட வேண்டாம்.

ஓடும்போது எல்லாம் சரி. இரண்டு நாள் நிறுத்தினால் மட்டும் செத்துவிடுகிறது.

திறந்து கிடக்கும் குழாய் இதுதான். சாவியை எடுத்து, கதவுகளைச் சாத்தி, பானட் விளக்கு இருந்தால் அணைத்து, மைனஸ் கிளாம்பைக் கழற்றி, மீட்டரின் 10 ஆம்பியர் துளையில் சிவப்பு ஒயரை மாற்றி, கிளாம்புக்கும் ஈயத்துக்கும் நடுவே மீட்டரைக் கொடுங்கள். அரை மணி நேரம் பொறுங்கள். கம்ப்யூட்டர்கள் தூங்கப்போக நேரம் எடுக்கும். பிறகு 0.05 ஆம்பியருக்குள் இருந்தால் சரி. மீட்டர் இப்படி இருக்கும்போது செல்ஃப் அடித்தால் மீட்டர் எரிந்துவிடும்.

அதிகம் காட்டினால் ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கும்போது எண் விழுகிறதோ அந்த வழியில்தான் திருடன். பின்னால் பொருத்திய கேமரா, பாட்டுப் பெட்டி, அலாரம் ஆகியவற்றைத்தான் நான் அடிக்கடி பிடித்திருக்கிறேன். எந்த ஃபியூஸுக்கும் அடங்கவில்லை என்றால் ஆல்டர்னேட்டரின் டயோடைச் சந்தேகியுங்கள்.

டயோடு கெட்டதை மீட்டரில் பார்க்க முடியுமா?

முடியும். என்ஜின் ஓட, லைட் எரிய, மீட்டரை ஏசி வோல்ட்டில், அதாவது மாறுமின்னோட்டத்தை அளக்கும் நிலையில் வைத்து பேட்டரியில் பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் டயோடு கசிகிறது. ஆனால் விலை மலிவான மஞ்சள் மீட்டர்கள் சில, ஏசியில் வைத்தாலும் டிசியையே எண்ணி இருபத்தைந்து, இருபத்தாறு என்று காட்டும். முதலில் என்ஜின் அணைந்திருக்கும்போது ஏசியில் அளந்து பாருங்கள். பூஜ்யம் காட்டாத மீட்டர் இந்தச் சோதனைக்கு உதவாது. இதைத் தெரியாமல் நல்ல ஆல்டர்னேட்டரைக் கழற்றியவர்கள் இருக்கிறார்கள்.

என் ஹோண்டா ஃபிட்டில் சில நேரம் 12.5, சில நேரம் 14.4. பைத்தியம் பிடித்ததா அதற்கு?

அது அப்படித்தான் செய்யப்பட்டது. எரிபொருள் மிச்சம் பிடிக்க, கரண்ட் தேவை குறைவாக இருக்கும்போது ஹோண்டா சார்ஜைத் தானே தாழ்த்திவிடும். ஹெட்லைட்டைப் போட்டதும் 14-க்கு மேல் ஏறினால் வண்டி நன்றாக இருக்கிறது. நான்காவது கேள்வியில் எல்லாவற்றையும் போட்டு அளக்கச் சொன்னது இதற்காகவும்தான்.

கரண்ட் போகும்போது கார் பேட்டரியில் இன்வெர்ட்டரை மாட்டி வீட்டு விளக்கு எரிக்கிறோம். அதனால் கெடுமா?

கெடும். வேறு வழியில்லாமல்தான் செய்கிறீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். கார் பேட்டரி செல்ஃபுக்கு நொடியில் நிறையக் கரண்ட்டை வாரிக் கொடுக்கச் செய்யப்பட்டது. கொஞ்சம் கொஞ்சமாகக் கடைசிவரை வடிப்பதற்கு இல்லை. அடிக்கடி காலியாக்கினால் தகடுகளில் சல்பேட் இறுகி, ஒரு வருடத்துக்குள் கொள்ளளவு சுருங்கிவிடும். வீட்டுக்குத் தனியாக, இப்படி வடிப்பதற்கென்றே செய்த டீப் சைக்கிள் பேட்டரி வையுங்கள். முடியாவிட்டால், 12.2-க்குக் கீழே இறங்க விடாதீர்கள்.

காலியான பேட்டரியை ஐடிலில் ஓடவிட்டு நிரப்பவும் பார்க்காதீர்கள். ஐடிலில் ஆல்டர்னேட்டர் தன் முழு அளவில் ஒரு பங்கைத்தான் தரும், பெட்ரோல்தான் வீண். கரண்ட் வரும் நேரத்தில் வீட்டுச் சார்ஜரில், 45 ஆம்பியர் மணி பேட்டரிக்கு 4, 5 ஆம்பியர் வைத்து, காற்றோட்டமான இடத்தில் ஏற்றுங்கள். தண்ணீர் குறைந்திருந்தால் டிஸ்டில்ட் வாட்டர் மட்டும். மழைத் தண்ணீரும் குழாய்த் தண்ணீரும் வேண்டாம்.

உண்மையிலேயே பேட்டரிதான் போய்விட்டது. எதைக் கேட்டு வாங்குவது?

பழைய பேட்டரியின் மேல் 46பி24எல் என்பதுபோல எழுதியிருக்கும். முன்னால் உள்ள எண் திறன், பி என்பது அகலமும் உயரமும், 24 என்பது சென்டிமீட்டரில் நீளம், எல் என்பது பிளஸ் எந்தப் பக்கம் என்பது. கடையில் இதையே என்எஸ்60எல் என்றும் சொல்வார்கள். எல் இருந்த இடத்தில் ஆர் வாங்கினால் கேபிள் எட்டாது. இழுத்து மாட்டியதில் ஷார்ட் ஆன வண்டியைப் பார்த்திருக்கிறேன். கடைசியில் எஸ் சேர்ந்திருந்தால் குமிழி தடிமன். மெல்லிய குமிழிக்குத் தடிமன் கிளாம்பு மாட்டி, நடுவே தகரம் சொருகாதீர்கள். அந்தத் தகரம்தான் அடுத்த மழையில் உங்களை நடுத்தெருவில் நிறுத்தும்.

எங்களுடையது ஹைப்ரிட். இதெல்லாம் அதற்கும் பொருந்துமா?

பாதிதான். பிரியஸ், அக்வா போன்றவற்றில் ஆல்டர்னேட்டரே இல்லை. பெரிய பேட்டரியிலிருந்து ஒரு கன்வெர்ட்டர் சின்ன 12 வோல்ட் பேட்டரியை நிரப்புகிறது. ‘ரெடி’ விளக்கு எரியும்போது சின்ன பேட்டரியில் 14-ஐ ஒட்டி வந்தால் சரி. அதன் குமிழியைச் சுத்தம் செய்வது, காலையில் அளப்பது, கரண்ட் கசிவைத் தேடுவது எல்லாம் நீங்களே செய்யலாம். ஆரஞ்சு நிறக் கேபிள் எங்கே தெரிந்தாலும் கையை எடுத்துவிடுங்கள். அதில் ஓடுவது நூற்றுக்கணக்கான வோல்ட். அதற்கென்று படித்தவர்கள் மட்டும் தொட வேண்டிய இடம் அது.